கடல் மீனுக்கு முதல் கவளம்

பவழப்பாறையில் பிடித்து விற்ற வண்ணமீனைத் தொட்டியிலேயே பிறக்கவைத்து வளர்க்கும் கலை, கண்ணுக்குத் தெரியாத ஆகாரத்தில் தொடங்குகிறது.

வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து வண்ணமீன் வளர்ப்பது நகரங்களில் பெருகிவிட்ட இந்நாளில், தொட்டியின் முன் நின்று மீன்களின் அழகை வியக்கிறவர்களுள் மிகச் சிலரே, அந்த மீன் எங்கே பிறந்தது என்ற கேள்வியைத் தமக்குள் எழுப்பிக்கொள்கிறார்கள். நன்னீர் மீனாயின் விடை எளிது. கப்பி, மோலி, தங்கமீன், ஏஞ்சல் முதலியவை பெரும்பாலும் மனிதனின் பராமரிப்பிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வருபவை. சென்னைக் கொளத்தூரை வண்ணமீன் வர்த்தகத்தின் கேந்திரமாக்கியது, கொல்லைப்புறத்துச் சிமெண்டுத் தொட்டிகளில் அவற்றைப் பெருக்கக் கற்றுக்கொண்ட குடும்பங்களின் உழைப்புத்தான். உப்புநீர்த் தொட்டியின் சங்கதி வேறு. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டையணிந்த கோமாளி மீனும், நீலமும் மஞ்சளுமாக மின்னும் டாம்செல் மீன்களும், தட்டையான உடலில் சித்திரம் தீட்டியதுபோல் வளையவரும் வண்ணத்துப்பூச்சி மீனும் நம் கண்முன் நீந்தும்போது, அவற்றுள் பெரும்பாலானவை ஏதோ ஒரு தூரத்துப் பவழப்பாறையின் இடுக்கில், மூச்சடக்கி மூழ்கிய ஒருவர் கையில் அகப்பட்டு, பிளாஸ்டிக் பைக்குள் பல கடல்களைத் தாண்டி வந்தவை என்பதை நாம் நினைப்பதேயில்லை.

ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் திட்டத்தைச் சார்ந்த உலகப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட விரிவான அறிக்கை, 1,471 இனங்களைச் சேர்ந்த கடல் வண்ணமீன்கள் ஆண்டொன்றுக்கு 2 கோடி முதல் 2.4 கோடி வரை உலகெங்கும் விற்பனையாகின்றன என்று கணித்தது. நன்னீர் மீன்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பண்ணையில் பிறந்தவையாயிருக்க, கடல் மீன்களில் அவ்விதம் பிறந்தவை மிகச் சொற்பமே என்றும் அது காட்டிற்று. பிடிக்கும் முறையும் எங்கும் சாத்விகமாக இருக்கவில்லை. பிலிப்பைன்ஸில் 1960-களில் தலையெடுத்து, பின்னர் இந்தோனேசியாவுக்கும் பரவிய ஒரு வழக்கத்தின்படி, சோடியம் சயனைடைக் கரைத்துப் புட்டியில் அடைத்துக்கொண்டு மூழ்குகிறவர், மீன் ஒளிந்திருக்கும் பவழ இடுக்கில் அதைப் பீச்சுவார். மயங்கிய மீன் சிரமமின்றிக் கைக்கு வரும். வந்தவற்றில் பல வாங்கியவர் வீட்டுத் தொட்டியில் காரணம் தெரியாமலே மடியும். விஷம் பட்ட பவழமோ இருந்த இடத்திலேயே செத்து, அதை அண்டி வாழ்ந்த நூறு ஜீவன்களையும் வீடற்றவையாக்கும். நம்முடைய வரவேற்பறையின் அலங்காரத்துக்காக ஒரு பாறை பாழாவது நியாயமாகாது என்று எண்ணிய சிலர், கடல் மீனையும் தொட்டியிலேயே பிறக்கவைத்தால் என்ன என்று கேட்டார்கள். கேட்பது எளிதாயிற்று, செய்துகாட்டுவதற்கோ ஓர் ஆயுளின் பொறுமை தேவைப்பட்டது.

கடல் மீன் தொட்டியில் முட்டையிடுவதில்லை என்று பலர் எண்ணுகிறார்கள், அது சரியன்று. நல்ல நீரும், நல்ல ஆகாரமும், அச்சமற்ற சூழ்நிலையும் கிடைத்தால் பல இனங்கள் தாமாகவே முட்டையிடுகின்றன. இடர் அதன் பிறகே தொடங்குகிறது. சமுத்திரத்தில் பிறக்கும் மீன்குஞ்சுகளில் பெரும்பாலானவை, பிறந்த கணத்திலிருந்து சில வாரங்கள்வரை, தாய்தந்தையர் வாழும் பாறையை விட்டு நீரோட்டத்தில் மிதந்து திரிந்து, கண்ணுக்குப் புலப்படாத மிதவை உயிரிகளை உண்டு, பிறகே ஒரு பாறையைத் தேடி வந்து அமரும் சுபாவமுடையவை. அவை பிறக்கும்போது கண்ணாடிச் சில்லுபோல் ஒளி ஊடுருவும் உடலும், மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கே திறக்கக்கூடிய வாயும் கொண்டிருக்கும். கரு உணவு ஓரிரு நாளில் தீர்ந்துபோம்; அதற்குள் வாய்க்கு அடங்குகிற, அசைகிற, சத்துள்ள ஓர் உயிரிரை எட்டும் தூரத்தில் இராவிட்டால், ஆயிரம் குஞ்சுகளும் மூன்றாம் நாள் அடித்தரையில் வெள்ளைத் தூளாகக் கிடக்கும். ஆகையால் கடல் மீன் வளர்ப்பு என்பது மீன் வளர்ப்பதற்கு முன்னால் மீனுக்கு இரையாகும் உயிரையும், அந்த உயிருக்கு இரையாகும் பாசியையும் வளர்ப்பதாகும். முதல் கவளத்தை ஊட்டத் தெரிந்தவருக்கே மற்றவை வசப்படும்.

ஓட்டின்மேல் ஒரு குடும்பம்

இந்தக் கலையில் மனிதனுக்கு முதலில் கைகொடுத்தது கோமாளி மீனே என்பது தற்செயலன்று. கடல் சாமந்தியின் கொட்டும் கரங்களுக்கிடையே அச்சமின்றி வாழும் இந்தச் சிறு மீன், மற்றப் பாறை மீன்கள் பலவற்றைப் போல முட்டைகளை நீரோட்டத்தில் கைவிடாமல், சாமந்தியின் அடியில் ஒரு பாறைப் பரப்பைத் தேர்ந்து அங்கே ஒட்டவைத்துக் காவல் காக்கிறது. அதன் குடும்ப அமைப்பும் விசித்திரமானது. ஒவ்வொரு சாமந்தியிலும் உருவில் மிகப் பெரியது பெண். அதற்கடுத்தது அதன் துணையான ஆண். மற்றவை யாவும் வளர்ச்சி தடைப்பட்டு நிற்கும் இளசுகள். பிறக்கும்போது எந்தக் கோமாளி மீனும் பெண்ணன்று. தலைவி மடிந்தால், அதுவரை ஆணாக இருந்த துணையே சில வாரங்களில் பெண்ணாக மாறித் தலைமையேற்க, இளசுகளில் பெரியது ஆணாக முதிர்கிறது. ஹான்ஸ் ஃபிரிக்கேயும் சிமோன் ஃபிரிக்கேயும் 1977-ல் விஞ்ஞான உலகுக்கு விளக்கிய இந்த உண்மை, மீன் வளர்ப்பவருக்குப் பெரிய அனுகூலமாயிற்று. ஆண் எது, பெண் எது என்று தேடியலைய வேண்டாமல், அளவில் சற்று வேறுபட்ட இரண்டு இளமீன்களை ஒரு தொட்டியில் சேர்த்து விட்டால் போதும், காலப்போக்கில் அவை தாமே ஜோடியாகிவிடும்.

ஜோடி இணங்கிய தொட்டியில், வழவழப்பற்ற ஓர் ஓட்டையோ கவிழ்த்த மண்சட்டியையோ வைப்பார்கள். முட்டையிடுவதற்குச் சில நாள் முன்னிருந்தே ஆண் மீன் அந்த ஓட்டின் ஒரு பகுதியைத் தேர்ந்துகொண்டு, வாயால் கொறித்துக் கொறித்துப் பாசியையும் தூசியையும் அகற்றத் தொடங்கும். பின்னர்ப் பெண்ணும் சேர்ந்துகொள்ளும். முட்டையிடும் நாளில் பெண் மீன் வயிற்றை ஓட்டோடு உராயவிட்டு மெதுவாக நகர்ந்து செல்ல, அதன் பின்னே வரிசை வரிசையாக முட்டைகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆண் அதே தடத்தில் பின்தொடர்ந்து அவற்றைக் கருவுறச் செய்யும். ஒரு தடவையில் சில நூறு முதல் ஆயிரம்வரை இருக்கக்கூடிய அந்த முட்டைகள், இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள ஆரஞ்சு நிற மணிகளாக, ஒரு முனை ஓட்டில் பற்றியும் மறுமுனை நீரில் அசைந்தும், நாற்றங்காலில் நெருங்கி நிற்கும் பயிர்போல் காட்சியளிக்கும். அதன்பின் தந்தையின் காவல். செட்டைகளை ஓயாமல் விசிறி முட்டைகளுக்குப் புதுநீர் பாய்ச்சுவதும், ஒவ்வொன்றையும் வாயால் தடவிப் பார்த்து, கெட்டுப்போனதைத் தானே விழுங்கி மற்றவற்றைப் பூஞ்சையிலிருந்து காப்பதும் அதன் வேலை. முட்டைகளின் நிறம் நாளுக்கு நாள் மாறும்; மூன்றாம் நான்காம் நாளில் பழுப்பேறும்; ஆறாம் ஏழாம் நாளில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஜோடி ஜோடியாக வெள்ளிக் கண்கள் பளிச்சிடும். அந்தக் கண்களைக் கண்டதும், அனுபவமுள்ள வளர்ப்பாளர் அன்று மாலையே ஓட்டைத் தனித் தொட்டிக்கு மாற்றிவிடுவார். ஏனெனில் விளக்கணைந்து ஓரிரு மணி நேரத்துக்குள், முழு இருட்டில், குஞ்சுகள் ஒரே வேகத்தில் வெளிவரப்போகின்றன.

மாற்றிய தொட்டியில் தந்தையின் செட்டை இல்லை. அதற்குப் பதிலாக ஓட்டின் அருகே காற்றுக் கல்லை வைத்து மெல்லிய குமிழிகளை எழுப்பி நீரை அசைக்கிறார்கள். தொட்டியின் சுவர்கள் கறுப்பாக இருப்பது நலம். வெளிச்சம் பக்கவாட்டில் புகுந்தால், ஒளியை நோக்கி விரையும் குஞ்சுகள் கண்ணாடியில் முட்டி முட்டியே மாண்டுபோகும். சுமார் மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளத்தில், பிறந்த இரவே நீந்தவும் மறுநாளே இரையைக் குறிவைத்துக் கவ்வவும் வல்லதாய் வருவது கோமாளிக் குஞ்சின் பாக்கியம். மற்றக் கடல் மீன்களின் குஞ்சுகளோடு ஒப்பிட்டால் இது வளர்ந்து பிறந்த பிள்ளை. ஆயினும் முதல் வாரம் கண்டம் நிறைந்ததே. அதைத் தாண்டியவை எட்டு முதல் பதினைந்து நாளுக்குள் உருமாறி, தலையில் முதல் வெள்ளைப் பட்டை தோன்ற, மேல்நீரில் மிதப்பதை விட்டு அடியை நாடி இறங்கும். இறங்கிய குஞ்சு பிழைத்த குஞ்சு என்று கொள்ளலாம். மூன்று நான்கு மாதத்தில் அது விற்பனைக்கு ஏற்ற அளவை எட்டிவிடும்.

பச்சைத் தண்ணீர்

குஞ்சு பொரிப்பகத்துக்குப் போகிறவர்கள் மீன் தொட்டிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது வழக்கம். பார்க்க வேண்டிய இடம் அதற்குப் பின்னாலிருக்கும் அறை. அங்கே கண்ணாடிக் குடுவைகளிலும் உயரமான உருளைகளிலும் பச்சை நிறத் தண்ணீர் காற்றுக் குமிழிகளோடு பொங்கிக்கொண்டிருக்கும். அது நானோகுளோராப்சிஸ் போன்ற நுண்பாசி. அந்தப் பாசியைத் தின்று பெருகுவது ரோட்டிஃபர் என்னும் சக்கர உயிரி; ஒரு மில்லிமீட்டரில் நான்கில் ஒரு பங்குதான் இருக்கும்; நீரில் மெதுவாகச் சுழன்று நீந்துவதால் பழக்கமற்ற குஞ்சுக்கும் எளிதில் இரையாகும். இதன் வரலாறும் சுவையானது. ஜப்பானில் விலாங்கு வளர்க்கும் குளங்களில் திடீர் திடீரென்று பெருகி நீரைக் கெடுத்து வந்த ஒரு தொல்லையாகத்தான் இந்த உயிரி முதலில் அறியப்பட்டது. 1960-ஐ ஒட்டி, தகாஷி இட்டோ போன்ற ஆராய்ச்சியாளர்கள் அந்தத் தொல்லையையே மீன்குஞ்சுக்கு ஆகாரமாக்கலாம் என்று கண்டார்கள். இன்று உலகெங்கும் கொடுவா, கலவா முதலிய உணவு மீன்களின் குஞ்சுகளும், வண்ணமீன்களின் குஞ்சுகளும் உயிர் தரிப்பது பெரும்பாலும் அந்தக் கண்டுபிடிப்பினாலேயே.

ரோட்டிஃபர் வெறும் பை போன்றது. அது எதைத் தின்றதோ அதுவே குஞ்சின் வயிற்றுக்குப் போகிறது. ஒமேகா-3 கொழுப்பமிலங்கள் போதாத ரோட்டிஃபரைத் தின்ற குஞ்சுகள், வயிறு நிறைந்தும் நலிந்து மடியும். தப்பிப் பிழைத்தவையும் செவுள்மூடி குறைபட்டோ, பட்டைகள் பாதியில் நின்றோ வளரும். ஆகவே இரையை ஊட்டுவதற்கு முன் அந்த இரைக்கே சத்துணவு ஊட்டுகிறார்கள். குஞ்சுத் தொட்டியில் ஒரு மில்லிலிட்டர் நீருக்கு ஐந்து முதல் பத்து ரோட்டிஃபர் இருக்கும்படி, காலையும் மாலையும் நீரெடுத்து நுண்ணோக்கியில் எண்ணிப் பார்ப்பது அன்றாடக் கடமை. குறைந்தால் பட்டினி, கூடினால் கழிவு மிகுந்து அம்மோனியா ஏறும். சில வேளை, நேற்றுவரை செழித்திருந்த ரோட்டிஃபர் உருளை ஒரே இரவில் நொடித்து, காலையில் நுரையும் நாற்றமுமாக நிற்கும். மாற்று உருளை வைத்திராதவரின் குஞ்சுகள் அன்றே பட்டினியில் விழும். விடுமுறையோ பண்டிகையோ இந்த வேலைக்குக் கிடையாது. எட்டுப் பத்து நாள் கழிந்து குஞ்சின் வாய் பெரிதானதும் ஆர்ட்டீமியா என்னும் உப்பளத்து இறால்பூச்சியின் இளங்குஞ்சுகளைக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பேரியிலிருந்து அதன் உலர்ந்த முட்டைகள் டப்பாக்களில் அடைக்கப்பட்டு உலகமெங்கும் போகின்றன. நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் அந்த இனத்தின் ஒரு வகை வாழ்கிறது.

கோமாளி மீனோடு நின்றுவிட்டிருந்தால் இது ஒரே ஒரு மீனின் கதையாகியிருக்கும். டாம்செல் மீன்களும் ஓட்டில் முட்டையிட்டுக் காப்பவையே. ஆனால் அவற்றின் குஞ்சு வாய்க்கு ரோட்டிஃபரே பெரிது. கோப்பிபாட் என்னும் கடல் நுண்ணுயிரியின் பொடிக்குஞ்சுகளைப் பெரிய தொட்டிகளில் பாசியோடு சேர்த்துப் பெருக்கி, அதனுள்ளேயே மீன்குஞ்சுகளை விட்டபோதுதான் அவை பிழைத்தன. நீரோட்டத்தில் முட்டையை விட்டுவிடும் டாங், ஏஞ்சல் வகைகளோ இன்னும் கடினம். ஹவாயிலுள்ள ஓஷியானிக் இன்ஸ்டிட்யூட் பல்லாண்டுப் பிரயாசைக்குப் பின் மஞ்சள் டாங் மீனைத் தொட்டியிலேயே பிறக்கவைத்து வளர்த்தது 2015-ல்; நீல டாங் மீனை ஃபுளோரிடாப் பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மீன்வளர்ப்பு ஆய்வகம் வளர்த்துக் காட்டியது 2016-ல். இரண்டிலும் வெற்றியின் திறவுகோல், மீனன்று, கோப்பிபாட்.

இந்தத் துறையில் மார்ட்டின் மோ என்ற பெயரைச் சொல்லாமல் போவது நன்றியன்று. ஃபுளோரிடாவைச் சேர்ந்த இந்த உயிரியல் அறிஞர், 1970-களின் தொடக்கத்திலேயே கோமாளி மீனையும் நியான் கோபி மீனையும் விற்பனைக்கு வளர்த்துக் காட்டியவர். அதற்கு மேலும், தாம் கற்றதை ஒளித்துவைக்காமல், 1982-ல் புத்தகமாக எழுதி, சாமானிய மீன் ஆர்வலரும் தம் வீட்டிலேயே முயலலாம் என்ற தைரியத்தை ஊட்டியவர். தொழில் ரகசியம் என்று பூட்டி வைத்திருந்தால் அவருக்கு லாபம் மிகுந்திருக்கலாம். இந்தக் கலை வளர்ந்திராது. கரீபியக் கடலின் கறுப்பு முள்ளெலிகள் 1983-ல் தொடங்கிய கொள்ளை நோயால் கூட்டங்கூட்டமாக மாண்டு, அவற்றால் மேயப்படாத பாசி பவழத்தை மூடிப் போர்த்தியபோது, அந்த முள்ளெலியைத் தொட்டியில் வளர்த்துப் பாறைக்குத் திருப்பும் முயற்சியிலும் அவர் தம் முதிய வயதைச் செலவிட்டார். மீன் வளர்ப்பவன் கடலுக்கும் கடமைப்பட்டவன் என்பதைச் செய்து காட்டிய வாழ்க்கை அது.

மண்டபமும் பரங்கிப்பேட்டையும்

நம் கரைக்கு வருவோம். இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடிவரை நீளும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பவழப்பாறைகளில் இரண்டு வகைக் கோமாளி மீன்கள் இயல்பாகவே வாழ்கின்றன. அத்தீவுகள் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அதன் வாசலில் இருக்கிறது மண்டபம் முகாம். 1947-ல் தோற்றுவிக்கப்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், 1971-ல் கொச்சிக்குத் தலைமையிடத்தை மாற்றும்வரை இங்கிருந்துதான் இயங்கிற்று. இன்றும் அதன் பிராந்திய மையமாக விளங்கும் மண்டபத்திலும், அதன் விழிஞ்ஞம், கொச்சி மையங்களிலும், இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கோமாளி மீன் இனங்களும் டாம்செல் இனங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து வளர்க்கப்பட்டன. வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தார், தெளிந்த பவழக் கடலின் நீர் இல்லாமலே, ஆற்றுமுகத்து நீரைக் கொண்டே கோமாளி மீனை வளர்த்தார்கள். இது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆனால் பாறை உள்ள கடற்கரையில் மட்டுமே முடியும் என்றிருந்த ஒரு தொழிலை, கழிமுகம் உள்ள ஊர்களுக்கெல்லாம் எட்டும்படி செய்தது அதுவே.

கடல் குதிரையின் நிலை வேறு விதம். ஆணே தன் வயிற்றுப் பையில் முட்டைகளைச் சுமந்து, முழு உருவடைந்த குட்டிகளைப் பெற்றெடுக்கும் இந்த அற்புத ஜீவன், பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் ஒரு காலத்தில் உலர்த்தப்பட்டுக் கீழ்த்திசை மருந்து வியாபாரத்துக்காக ஏற்றுமதியாயிற்று. 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது சேர்க்கப்பட்டபின், பிடிப்பதும் விற்பதும் குற்றமாயின. நம் நாட்டில் அதை வளர்ப்பது ஆராய்ச்சிக்கு உரியதேயன்றி, வீட்டுத் தொட்டிக்கு உரியதன்று.

வளர்ப்பது மட்டும் போதுமா

வளர்க்கத் தெரிந்துவிட்டால் காட்டு மீன் தானே காப்பாற்றப்படும் என்று நம்புவது இயல்பு. அந்த நம்பிக்கையைச் சோதிக்கும் நிகழ்ச்சி இந்தோனேசியாவில் நடந்தது. சுலாவேசிக்குக் கிழக்கேயுள்ள பங்கை தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயல்பாக வாழாத ஒரு சிறு மீன் உண்டு. வெள்ளியுடலில் கறுப்புப் பட்டையும், புள்ளி தெளித்த நீண்ட செட்டைகளும் உடைய பங்கை கார்டினல். 1933-ல் விஞ்ஞானப் பெயர் பெற்று, பின்னர் மறக்கப்பட்டு, 1994-ல் ஜெரால்டு ஆலன் மீண்டும் கண்டறிந்த இந்த மீன், அடுத்த சில ஆண்டுகளுக்குள் ஆண்டுக்குப் பல லட்சம் என்ற கணக்கில் பிடிக்கப்பட்டு விற்பனையாயிற்று. இத்தனைக்கும் வளர்ப்பதற்கு இதைவிட எளிய கடல் மீன் அரிது. ஆண் மீன் முட்டைகளை வாயிலேயே அடக்கிப் பல வாரம் உண்ணாநோன்பிருந்து அடைகாத்து, பெற்றோரின் வடிவத்தையே சிறிதாக்கியதுபோன்ற குட்டிகளை வெளியே விடுகிறது. அவை முதல் நாளே ஆர்ட்டீமியாவைத் தின்னும். ரோட்டிஃபரும் வேண்டாம், பச்சைத் தண்ணீரும் வேண்டாம். சாதாரண ஆர்வலர்களே 1990-களில் அதை வீட்டில் வளர்த்தார்கள். இருந்தும் 2007-ல் அது அழியும் ஆபத்திலுள்ள இனமாகச் செம்பட்டியலில் ஏறியது. காரணம் மிகவும் எளிது: பாறையிலிருந்து பிடித்த மீன் மலிவு, மாதக்கணக்கில் ஊட்டி வளர்த்த மீன் விலை கூடுதல், வாங்குகிறவர் மலிவானதை வாங்கினார்.

ஹவாயில் நிகழ்ந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். சுற்றுச்சூழல் ஆய்வு செய்யாமல் வண்ணமீன் பிடிக்க அனுமதி தரலாகாது என்று 2017-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, மேற்குக் கரையில் மஞ்சள் டாங் பிடிப்பு நின்றுபோயிற்று. பிடித்த மீனின் மலிவு விலை மறைந்த சந்தையில்தான், வளர்த்த டாங் மீனுக்கு நியாயமான இடம் பிறந்தது. சட்டமும் வளர்ப்பும் ஒன்றையொன்று தாங்கி நின்றால்தான் பாறைக்குப் பலன் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் தேவையில்லை.

இன்னொரு நியாயமும் உண்டு. அதை மீன் வளர்ப்பை ஆதரிக்கும் பலர் பேசுவதில்லை. பிரேசில் நாட்டில் ரியோ நீக்ரோ ஆற்றங்கரையிலுள்ள பார்சிலோஸ் என்னும் ஊர், கார்டினல் டெட்ரா என்ற நன்னீர் வண்ணமீனைப் பிடித்து விற்றே வாழ்ந்தது. அந்த மீன் தூரதேசத்துப் பண்ணைகளில் பெருகத் தொடங்கியதும் அவ்வூராரின் பிழைப்பு குன்றியது. மீனால் பிழைத்தவரையில் ஆற்றையும் காட்டையும் காக்க அவர்களுக்குக் காரணம் இருந்தது. மீன் போனபின் அந்தக் காரணம் வலுவிழந்தது. கடலுக்கும் இது பொருந்தும். ஏதோ ஒரு மாநகரத்துக் கூடத்தில் கோமாளி மீன் பிறந்து, பாறையோரத்துக் குடும்பத்துக்கு ஒரு காசும் போகாத நிலை ஏற்பட்டால், அந்தக் குடும்பத்துக்குப் பாறையின்மேல் என்ன அக்கறை மிஞ்சும்? ஆகையால் இந்தத் தொழில் கடற்கரையிலேயே, கடலை நம்பி வாழ்கிறவர் கையிலேயே தங்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். இதற்கு வழியும் தெரிந்திருக்கிறது. லட்சத்தீவின் அகத்தித் தீவில், தேசிய மீன் மரபுவளப் பணியகத்தின் முயற்சியால், தீவுப் பெண்களே அலங்கார இறால்களைத் தொட்டியில் வளர்த்துப் பெரிதாக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். பொரிப்பகம் குஞ்சைத் தருவதும், அதை விற்கும் அளவுக்கு வளர்ப்பது வீட்டுத் தொழிலாவதும் சாத்தியம் என்பதற்கு அது போதிய நிரூபணம். பாம்பனிலும், கீழக்கரையிலும், வேம்பாரிலும் வலையில் வருமானம் குறைந்துவரும் வீடுகளுக்கு இதே போன்ற பயிற்சியும், சிறு கடனும், தட்டுப்பாடின்றி நுண்பாசியும் ரோட்டிஃபரும் வழங்கும் ஒரு பொது நிலையமும் அமைத்துத் தருவது அரசுக்குப் பெரிய செலவாகாது.

வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பட்டை குலைந்த, புள்ளி சிதறிய, வினோதமான நிறங்களுடைய கோமாளி மீன்களை நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைத்து இணைத்து உண்டாக்கி, அதிக விலைக்கு விற்கும் மோகம் இப்போது பரவியிருக்கிறது. அதனால் பாறைக்கும் நன்மையில்லை, மீனுக்கும் நன்மையில்லை. அதில் செலவாகும் தொட்டியையும் திறமையையும் இன்னும் யாராலும் வளர்க்கப்படாத ஓர் இனத்துக்குச் செலவிட்டால் எத்தனையோ மேல்.

வாங்கும் வாசகர்கள் செய்யக்கூடியது இதுதான். கடையில் ஒரு கடல் மீனைக் காணும்போது, விலையைக் கேட்பதற்கு முன்னால், வளர்த்ததா பிடித்ததா என்று கேளுங்கள். எந்தப் பொரிப்பகம் என்றும் கேளுங்கள். உங்கள் கண்முன்னே அதற்குக் குருணைத் தீவனம் போடச் சொல்லுங்கள்; தொட்டியில் பிறந்த மீன் தயங்காமல் வந்து தின்னும். வளர்த்த மீன் சற்று விலை கூடுதலாயிருந்தாலும் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கிடைக்கும்வரை காத்திருங்கள். கடல் குதிரையை யார் விற்க வந்தாலும் வாங்காதீர்கள். வளர்க்க முடியாமற் போன மீனை எக்காரணத்தாலும் கடலில் கொண்டுபோய் விடாதீர்கள். இந்தோ-பசிபிக் கடலின் சிங்க மீன் 1985-ல் ஃபுளோரிடாக் கரையில் முதன்முதலாகக் காணப்பட்டு, பின் அட்லாண்டிக் கரை நெடுகிலும் கரீபியன் முழுவதிலும் பெருகி அங்குள்ள மீன்களை வேட்டையாடி வருவதற்கு, தொட்டியிலிருந்து விடப்பட்ட மீன்களே காரணம் என்று கருதப்படுகிறது. வாங்கிய கடையிலேயே அதைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது தொட்டி வைத்திருக்கும் வேறொருவரிடம் ஒப்படையுங்கள்.